பழைய டீசல் காருக்கு டர்போ வைக்கும்போது எந்த இன்டேக் மேனிஃபோல்டு?

ஒருவர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இதுதான். டர்போ இல்லாமல் வந்த பழைய 2 லிட்டர் டீசல் கார். நான்கு சிலிண்டர், ப்ரீசேம்பர் வகை (டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியத் தொடங்கும்), காற்று உள்ளே போகும் இன்டேக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில். அதில் டர்போவும், அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் வைத்து 0.7 பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) ஓட்ட நினைக்கிறார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கையில் இருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிக்கு, மூன்று வழிகள் தெரிகின்றன: இருக்கிற மேனிஃபோல்டையே வைத்துக்கொள்வது, அதே குடும்பத்து டர்போ இன்ஜினின் மேனிஃபோல்டைத் தேடி வாங்குவது, புதிதாக ஒன்றை வெல்டு செய்வது. எதில் காற்று நன்றாகப் பாயும் என்று கேட்கிறார். டீசல் பம்ப் எந்த வகை என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

காற்றுப் பாய்ச்சலை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4,500 சுற்றில் அது விநாடிக்கு 75 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 64 லிட்டர். டர்போ வைத்த பிறகும் மேனிஃபோல்டுக்குள் ஓடும் கன அளவு ஏறக்குறைய இதேதான். ஏறுவது காற்றின் அடர்த்தி. அதாவது அதே குழாயில், அதே வேகத்தில், கனமான காற்று போகிறது.

இந்த 64 லிட்டரை 50 மில்லிமீட்டர் குழாயில் விட்டால் வேகம் விநாடிக்கு 33 மீட்டர் வரும். கூர்மையான வளைவு ஒன்று அந்தக் காற்றிலிருந்து தின்னும் அழுத்தம் சுமார் 9 மில்லிபார். 40 மில்லிமீட்டர் குழாயாக இருந்தால் 21 மில்லிபார். நீங்கள் ஊதப்போவதோ 700. இப்படிப்பட்ட டீசல் இன்ஜின் பெரும்பாலும் 5,000 சுற்றைத் தாண்டி எங்கும் போவதில்லை. பெட்ரோல் ரேஸ் கார்களுக்குச் சொல்லப்படும் ரன்னர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் தனிக்குழாய்) நீளம், பிளீனம் (காற்று பிரியும் முன் சேரும் பொது அறை) வடிவம் போன்றவற்றை இங்கே கொண்டுவந்து மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய மேனிஃபோல்டு, 0.7 பார் பூஸ்ட்டில் உங்களைத் தடுத்து நிறுத்தாது.

பிளீனம் பெரிதாக இருந்தால் டர்போ லேக் (பெடலை மிதித்த பின் பூஸ்ட் வர ஆகும் தாமதம்) அதிகமாகும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2 லிட்டர் கொள்ளளவை 0.7 பாருக்கு நிரப்ப, சாதாரணக் காற்று 1.4 லிட்டர் கூடுதலாக வேண்டும். 2,000 சுற்றில் இன்ஜினே விநாடிக்கு 33 லிட்டர் இழுக்கிறது. ஆக அந்த 1.4 லிட்டருக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்கு. கால் அதை உணராது. இன்டர்கூலரும் நீளமான குழாய்களும் சேர்ந்து 8 லிட்டர் ஆகிவிட்டால் கொஞ்சம் உணரலாம். எனவே சுருக்க வேண்டியது குழாயின் நீளத்தை.

சரி, பாய்ச்சல் முக்கியமில்லை என்றால் எது முக்கியம்? முதலில் பம்ப்.

பானட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். அது டீசல் பம்ப்பின் லீவரைப் பிடித்து இழுத்தால் நிம்மதி, உங்கள் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) மெக்கானிக்கல். இன்டேக் வாயில் இருக்கும் பட்டர்ஃப்ளை வால்வை இழுத்து, அந்த இடத்திலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்றோ இரண்டோ பம்ப்பின் பின்புறத்துக்குப் போனால், அது காற்றழுத்தத்தில் வேலை செய்யும் நியூமேட்டிக் கவர்னர். மெர்சிடிஸ் ஓ.எம்.615, 616 இன்ஜின்களின் ஆரம்பகால வடிவங்களில் இதுதான் இருந்தது. வேறு பல பழைய டீசல்களிலும் உண்டு.

இந்தக் கவர்னருக்குள் ஒரு டயாபிரம், அதாவது வளையும் சவ்வு, இருக்கிறது. ஒரு பக்கம் வென்ச்சுரியின் (பட்டர்ஃப்ளை இருக்கும் குறுகிய கழுத்து) வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. வெற்றிடம் கூடும்போது டயாபிரம் ராக்கை (பம்ப்பில் டீசல் அளவை மாற்றும் கம்பி) பின்னால் இழுத்து டீசலைக் குறைக்கும். குறையும்போது ஸ்பிரிங் ராக்கை முன்னால் தள்ளி டீசலைக் கூட்டும். இப்போது இதே மேனிஃபோல்டுக்குள் டர்போவை ஊத விட்டால் என்ன ஆகும்? வெற்றிடம் வர வேண்டிய அறைக்குப் பூஸ்ட் அழுத்தம் வருகிறது. மறுபக்கம் வெளிக்காற்றாகவே இருக்கிறது. டயாபிரம் ராக்கை முழு டீசல் பக்கம் தள்ளிப் பிடிக்கும். நீங்கள் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் ஏறிக்கொண்டே போகலாம். பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். இங்கே டீசலையோ காற்றையோ அடைத்தால்தான் நிற்கும். அதனால் இதை ஒரு சின்னக் குறிப்பாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. மேனிஃபோல்டு வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

வழிகள் இருக்கின்றன. நான் விரும்புவது, அதே இன்ஜினுக்கு மெக்கானிக்கல் கவர்னரோடு வந்த பம்ப்பை மாட்டிவிட்டு, பட்டர்ஃப்ளை இல்லாத மேனிஃபோல்டுக்குப் போவது. அது கிடைக்காவிட்டால் பட்டர்ஃப்ளையையும் வென்ச்சுரியையும் டர்போவுக்குப் பின்னால், அழுத்தம் உள்ள குழாயிலேயே வைத்து, டயாபிரமின் மறுபக்க அறையையும் மூடி, அதற்கான ஹோஸை பட்டர்ஃப்ளைக்குச் சற்று முன்னால் அதே குழாயிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு அறைக்கும் பூஸ்ட் சமமாகப் போகும், டயாபிரம் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும். கேட்க எளிது. ஆனால் பட்டர்ஃப்ளை தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் அங்கே காற்று ஒழுகும். டயாபிரம் பழசாகிக் காய்ந்திருந்தால் கிழியும். ஹோஸ் ஒன்று கழன்றாலும் பழைய ஆபத்து திரும்பி வரும். அடர்த்தியான காற்று வென்ச்சுரியில் அதிக வித்தியாசத்தை உண்டாக்குவதால் கவர்னர் வெட்டும் வேகமும் மாறும். எனவே பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிபார்க்காமல் ஓட்டக் கூடாது.

வென்ச்சுரியை டர்போவுக்கு முன்னால் மாற்றி வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அப்போது பெடலை விடும்போதெல்லாம் கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அமுக்கும் பகுதி) பலமான வெற்றிடத்தை இழுக்கும். டர்போவின் சீல் அந்த வெற்றிடத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டதல்ல. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்து ஓடும். இந்த வழி வேண்டாம்.

பம்ப் பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகு மேனிஃபோல்டுக்கு வருவோம். உங்கள் இன்ஜின் குடும்பத்தில் கம்பெனியே டர்போ வைத்து விற்ற வடிவம் இருந்தால், அந்த மேனிஃபோல்டைத்தான் முதலில் தேடுவேன். அது அதிகம் பாயும் என்பதற்காக அல்ல, இடப் பிரச்சினையை யாரோ ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்து தீர்த்து வைத்திருக்கிறார் என்பதற்காக. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் இருக்கும் ஹெட்டில் டர்போ எங்கே உட்கார வேண்டுமோ, சரியாக அங்கேதான் பழைய இன்டேக் மேனிஃபோல்டின் வயிறு இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் 1,588 சிசி டீசல் நல்ல உதாரணம். டர்போ இல்லாமல் 54 குதிரைத்திறன், டர்போவோடு 70, இன்டர்கூலரும் சேர்ந்தபோது 80. சிசி மாறவில்லை. டர்போ வடிவத்துக்கு மேனிஃபோல்டுகளோடு பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட், வேறு ஹெட் என்று நிறைய மாற்றினார்கள். மெர்சிடிஸ் 1978இல் 300 எஸ்டி காரில் கொடுத்த ஐந்து சிலிண்டர் டர்போ டீசலிலும் பிஸ்டனுக்கு எண்ணெய் ஜெட் உண்டு. மேனிஃபோல்டை மட்டும் மாற்றினால் அந்த இன்ஜின் ஆகிவிடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் பழைய கேஸ்கட் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். மேனிஃபோல்டின் முகத்தில் வைத்துப் பார்த்தால் போர்ட்டும் ஸ்டட் ஓட்டையும் பொருந்துகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மேனிஃபோல்டின் துளை ஹெட்டின் போர்ட்டைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை, பெரிதாக இருந்து காற்று ஓர் ஓரத்தில் முட்டினால்தான் தொல்லை. அதற்காக ஹெட்டின் போர்ட்டைக் குடைய வேண்டாம். உங்களுடையது ப்ரீசேம்பர், அதில் குடைவதால் கிடைப்பது சொற்பம். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினாக இருந்தால் போர்ட்டின் வளைவுதான் காற்றைச் சுழல வைக்கிறது, குடைந்தால் கரும்புகைதான் மிஞ்சும். நாசில் பைப்புகளும் குளோ பிளக்குகளும் மேனிஃபோல்டைக் கழற்றாமல் கைக்கு எட்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபிளாஞ்சின், அதாவது ஹெட்டோடு சேரும் தட்டையான விளிம்பின், தடிமன். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரே பக்க ஹெட்டுகள் பலவற்றில் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே ஸ்டட், ஒரே தடித்த வாஷர் சேர்த்துப் பிடிக்கும். வாஷரின் ஒரு பாதி இதன்மேல், மறுபாதி அதன்மேல். நான் செய்த ஒரு வண்டியில் டர்போவுக்கான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஃபிளாஞ்ச் பழைய இன்டேக்கைவிட 2 மில்லிமீட்டர் தடிமன். வாஷர் சாய்ந்து எக்ஸாஸ்ட்டை மட்டும் இறுக்கியது. நட்டு இறுகிவிட்டது, கைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் பூஸ்ட் 0.4 பாரைத் தாண்டவில்லை. டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) சந்தேகப்பட்டு மூன்று வாரம் போனது. கடைசியில் சோப்பு நீரில்தான் குமிழி தெரிந்தது. இரண்டு ஃபிளாஞ்சையும் வெர்னியரில் அளந்து, வித்தியாசம் இருந்தால் மெல்லிய பக்கத்துக்குத் துண்டு ஷிம் வையுங்கள், அல்லது வாஷரைப் படி வைத்து லேத்தில் கடைந்துகொள்ளுங்கள்.

டர்போ மாடல் மேனிஃபோல்டு கிடைக்கவில்லை, பழையது டர்போவோடு முட்டவில்லை என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அது இத்தனை நாள் வெற்றிடத்தையோ வெளிக்காற்றின் அழுத்தத்தையோ மட்டுமே பார்த்த பொருள். இப்போது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எனவே அதில் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் கேள்வி கேட்க வேண்டும்.

கிராங்க்கேஸ் பிரீத்தர் ஹோஸ் (இன்ஜின் அடிப்பகுதியின் வாயுவை வெளியேற்றும் குழாய்) மேனிஃபோல்டில் சொருகியிருந்தால் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டர்போ ஊதும் காற்று கிராங்க்கேஸுக்குள் போய் சீல்களையும் டிப்ஸ்டிக்கையும் வெளியே தள்ளும். அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால், ஏர் ஃபில்டர் குழாயில், எண்ணெய் பிரிக்கும் டப்பா ஒன்றின் வழியாகச் சேருங்கள். அடித்துச் சொருகிய அடைப்பான்கள் இருந்தால் எடுத்துவிட்டு மரை போட்டு முடுக்குங்கள். இ.ஜி.ஆர். (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்கே திருப்பும் அமைப்பு) குழாய் வந்து சேர்ந்த மேனிஃபோல்டு என்றால் உள்ளே தார் மாதிரி கரி கட்டியிருக்கும், அதை முழுதாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். இ.ஜி.ஆரை அடைக்கலாமா என்பது உங்களுக்குப் பொருந்தும் புகைச் சட்டத்தைப் பொறுத்தது. காகித கேஸ்கட் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, உலோகத் தகடு சேர்ந்த கேஸ்கட் போடுங்கள்.

பழைய மேனிஃபோல்டின் வாய் பல நேரம் ஏர் ஃபில்டர் உட்காரும் அகலமான செவ்வகமாக இருக்கும். அதை மூடி ஒரு குழாயை வெல்டு செய்த தகடு வைப்போம். இங்கே மெல்லிய தகடு போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தகட்டின் மேல் 0.7 பார் தள்ளும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் அதன்மேல் நின்று இறங்கி, நின்று இறங்கிக் கொண்டிருப்பதைப் போல. 3 மில்லிமீட்டர் தகடு கொஞ்ச நாளில் உப்பி, கேஸ்கட்டின் நடுவில் ஒழுகும். 8 மில்லிமீட்டருக்குக் குறையாத அலுமினியம், நெருக்கமான போல்ட்டுகள், இதுதான் என் பழக்கம்.

குழாய் எந்த இடத்தில் உள்ளே நுழைய வேண்டும் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். டீசலில் பம்ப் எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு எரிபொருளைத்தான் கொடுக்கும். எந்த சிலிண்டருக்குக் காற்று குறைகிறதோ அது மட்டும் சூடாகி, புகை கக்கும். எக்ஸாஸ்ட் வெப்பத்தை டர்போவுக்கு முன்னால் ஒரே இடத்தில் அளக்கும்போது அந்த ஒரு சிலிண்டரின் கஷ்டம் சராசரியில் மறைந்துவிடும். நுழையும் குழாய் ஒரு போர்ட்டுக்கு நேர் எதிரே குத்திக்கொண்டு இருக்காமல், இரண்டு நடு போர்ட்டுகளுக்கு இடையிலோ, ஓர் ஓரத்திலிருந்து நீளவாக்கிலோ வந்தால் போதும்.

புதிதாகச் செய்வது கடைசி வழி. வேறு எதுவும் உள்ளே அடங்காதபோது செய்யுங்கள், நன்றாகவே செய்யலாம். ஃபிளாஞ்ச் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். பிளீனத்துக்குப் பெட்டி வடிவம் வேண்டாம், உருண்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை அழுத்தத்தைச் சமமாகத் தாங்கும், தட்டையான பக்கம் உப்பி உப்பி வெல்டில் விரிசல் விடும். கொள்ளளவு இன்ஜின் சிசிக்குக் கிட்டத்தட்ட இருந்தால் போதும். வெல்டு செய்யும்போது ஃபிளாஞ்சைக் கனமான இரும்புப் பலகையிலோ பழைய ஹெட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி வைத்து, முழுதாக ஆறிய பிறகே கழற்றுங்கள். அப்படிச் செய்தாலும் கொஞ்சம் வளையும், பிறகு முகத்தை மெஷினில் சீவ வேண்டியிருக்கும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைந்தால் நான் மாட்ட மாட்டேன். உள்ளே வெல்டு துளி ஒன்று ஒட்டியிருந்து பிறகு கழன்று சிலிண்டருக்குள் போனால், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே அது ஒதுங்க இடமே கிடையாது. இந்த இன்ஜின்களின் கம்ப்ரஷன் 21க்கு 1, 23க்கு 1 என்று இருக்கும். எனவே உள்ளே தேய்த்து, கழுவி, விளக்கடித்துப் பார்க்காமல் விடாதீர்கள். டீசல் நடுக்கத்தில் கனமான மேனிஃபோல்டு ஸ்டட்டில் மட்டும் தொங்கினால் வெல்டு தாங்காது, பிளாக்கிலிருந்து ஒரு முட்டு கொடுங்கள்.

எந்த மேனிஃபோல்டாக இருந்தாலும் அதில் குறைந்தது இரண்டு நிப்பிள் வேண்டும். ஒன்று பூஸ்ட் மீட்டருக்கு, இன்னொன்று பம்ப்பின் பூஸ்ட் காம்பன்சேட்டருக்கு (பூஸ்ட் ஏறுவதற்கு ஏற்ப டீசலைக் கூட்டும் பாகம்). காம்பன்சேட்டர் இல்லாத பம்ப்பில் டீசல் திருகை மட்டும் கூட்டினால், டர்போ ஊதத் தொடங்கும் முன் கரும்புகை வரும். அந்த ஹோஸை இன்டர்கூலருக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்தே எடுங்கள். இன்ஜினுக்கு உண்மையில் கிடைக்கும் அழுத்தம் அங்கேதான் தெரியும்.

இன்டர்கூலர் வைக்க நினைத்தது நல்ல முடிவு. 27 டிகிரி காற்றை 0.7 பாருக்கு அமுக்கினால், நல்ல கம்ப்ரஸரிலும் அது 100 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டோடு உள்ளே போனால் அடர்த்தி 1.37 மடங்குதான். 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் 1.58 மடங்கு. மேனிஃபோல்டின் வடிவத்தை மாற்றி இந்த அளவு லாபம் எடுக்கவே முடியாது. அதனால் மேனிஃபோல்டின் வாய் இன்டர்கூலர் குழாய் வரும் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்கூலர் இல்லாமல் வந்த டர்போ மாடல்களில் வாய் கம்ப்ரஸரை நோக்கியே இருக்கலாம், அதை அறுத்துத் திருப்ப வேண்டி வரும். டர்பைனுக்கு (டர்போவின் சூடான எக்ஸாஸ்ட் பக்கம்) மேலே போகும் எந்த ரப்பர் ஹோஸுக்கும் வெப்பத் தகடு கட்டாயம். எண்ணெய்ப் படலம் ஓடும் குழாய் என்பதால் சாதாரண சிலிக்கான் ஹோஸ் நாளடைவில் ஊறிப்போகும், உள்ளே ஃபுளோரோசிலிக்கான் பூச்சு உள்ளதை வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யுங்கள். கம்ப்ரஸரின் வாயை ஓர் அடைப்பான் போட்டு மூடி, ரெகுலேட்டர் வைத்து 0.7 பார் காற்றை விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடைப்பானுக்கு நேரே நிற்காதீர்கள். எண்ணெய் மூடியைத் திறந்து வையுங்கள், ஏனென்றால் திறந்திருக்கும் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் கொஞ்சம் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கும், அது இயல்பு. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். ஃபிளாஞ்சின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் வாரம் 0.5 பாரில் ஓட்டுங்கள். டர்போவுக்கு முன்னால் வைத்த வெப்பமானி 700 டிகிரியைத் தொட்டால் காலைத் தளர்த்துங்கள். அந்த வாரம் முடிந்ததும், இன்ஜின் ஆறியிருக்கும்போது மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி ஒரு சுற்று டார்க் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பூஸ்ட்டைக் கூட்டுங்கள்.